பத்தாம் தேதிக் குழாய்

இரண்டு மணிக்கு மூன்று குப்பிகளுக்குள்ளும் அசிட்டிலீன் வாயுவை ஏற்றிவிட்டு வைரக்கண்ணு ஊசியைத் துடைத்து வைத்தார். இனி ஒரு மணி நேரம் அவருக்கு வேலை இல்லை, வேலையெல்லாம் குப்பிக்குள் இருக்கிற பாக்டீரியாவுக்குத்தான். கார்பைடு கல்லைத் தண்ணீரில் போட்டு, வந்த வாயுவை ஃபுட்பால் பிளாடரில் பிடித்ததில் விரலெல்லாம் வெல்டிங் பட்டறை நெடி. சோப்புப் போட்டும் போகவில்லை. பக்கத்து அறையில் வாயு அளக்கும் கருவிக்கு முன்னால் இருந்த ஆராய்ச்சி மாணவி ஃபரீதா மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, மாம்பழம் பழுக்க வைக்கிறீங்களா?" "பழுத்தா உனக்கும் ஒண்ணு தாரேன்." "மூணு மணிக்கு மெஷின் உங்களுக்கு. ஒரு நிமிஷம் தள்ளுனாலும் என் சாம்பிளை ஏத்திருவேன், அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது." அவள் தலை மறைந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பஞ்சுக் கட்டைப் பிரித்து, சோதனைக் குழாய்களுக்கு அடைப்பான் உருட்ட ஆரம்பித்தார். நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த அறைக்கு மீடியா ரூம் என்று பெயர். பாக்டீரியாவுக்குச் சமைக்கிற இடம். முப்பத்து மூன்று வருடமாக அவர்தான் சமையல். பஞ்சை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிக்க வேண்டும், கண்ணைத் திறந்துகொண்டு செய்ய வேண்டியதில்லை, விரலுக்கே தெரியும், இறுக்கமாக உருட்டினால் காற்றுப் போகாது, தளர்ந்தால் தூசி போகும், இரண்டுக்கும் நடுவில் ஓர் இறுக்கம் இருக்கிறது, அதை யாருக்கும் வாயால் சொல்ல முடியாது. கண் மட்டும் குப்பிகளிடமே போனது. ஒன்று, இரண்டு, மூன்று. ரப்பர் மூடி, சிவப்பு மையில் எண். மூன்றாவதைப் பார்க்காமல் இருக்கலாம் என்று நினைத்தார். பார்த்தார். பார்த்தால் என்ன தெரியப்போகிறது, எல்லாம் ஒரே கலங்கல் நிறம்தான், வாயுவைக் கருவியில் ஏற்றினால்தான் தெரியும். நேற்று மேடம் ஃபோனில் பேசியபோது நடுவில் ஓர் இடத்தில் பேச்சு நின்றதே, அதுவும் இப்படித்தான், வெளியே ஒன்றும் தெரியவில்லை.

பத்தொன்பது வருடம் கழித்து வந்த குரல். "வைரக்கண்ணு, உமையாள் பேசறேன்." அவர் எழுந்து நின்றுவிட்டார், ஃபோனுக்கு எதற்கு எழுந்து நிற்பது, கால் கேட்கவில்லை. வடக்கே பெரிய உரக் கம்பெனியில் மேடம் இப்போது ஆராய்ச்சித் தலைவர், இங்கே இந்தப் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டுப் போனவர். அங்கே குளிர்பெட்டி நான்கு நாள் கரண்ட் இல்லாமல் உருகிவிட்டதாம், உள்ளே உறைய வைத்திருந்த பாக்டீரியா கல்ச்சர் எல்லாம் செத்துவிட்டதாம். "பதினேழாம் நம்பர் உங்ககிட்ட இன்னும் இருக்கா?" "இருக்குங்க மேடம்." "உயிரோடயா?" "மாசாமாசம் பத்தாம் தேதி புதுக் குழாய்க்கு மாத்தறேன் மேடம். ஒரு மாசம் தவறலை. நீங்க சொன்ன மாதிரியே, பத்திரமா இருக்கு." அங்கேதான் பேச்சு நின்றது. லைன் போய்விட்டதோ என்று அவர் ஹலோ சொன்னார். "நல்லது," என்றார் மேடம், கொஞ்சம் மெல்ல. "ஒரு டெஸ்ட் பண்ணிட்டு அனுப்பினா நல்லா இருக்கும். நாளைக்கு மூணரைக்கு நானே பேசறேன்." டெஸ்ட் எதற்கு? மூச்சு நிற்கிற குழந்தையா அது, நன்றாக வளர்கிறது, வழவழவென்று, இரண்டு நாளில் குழாய்ச் சரிவெல்லாம் பரவிவிடுகிறது. ராத்திரி படுத்த பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது. இரண்டு நாளில். முன்பெல்லாம் நாலு நாள் ஆகுமே. எப்போதிருந்து இரண்டு நாள் ஆனது? பின்னோக்கிப் போய்ப் போய்ப் பார்த்தார், ஞாபகம் பிடி கொடுக்கவில்லை. வேகமாக வளர்வதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது மட்டும் ஞாபகம் இருந்தது. விடிந்ததும் பழைய அம்மோனியா உப்புத் தூளைத் தேடி எடுத்து டெஸ்டுக்கு ஏற்பாடு செய்தார். நேற்று வெள்ளை மனதோடு பேசியவர் இன்று ஏன் குப்பிகளைப் பார்க்கப் பயப்படுகிறார் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்ல முடியும். இரண்டு நாள், நாலு நாள். அவ்வளவுதான்.

இரண்டு மணி பதினேழு. பதினேழு என்றதும் அந்தத் தட்டு. பெட்ரித் தட்டில் பாக்டீரியா தின்று வளர்கிற ஊடகம், அதில் நஞ்சு கலந்திருக்கும், அம்மோனியா போலவே வேஷம் போடுகிற நஞ்சு. பிறவியிலேயே ஒரு கணக்கு இருக்கிறது அந்தப் பாக்டீரியாவுக்கு. நெல் வேரில் ஒட்டிக்கொண்டு காற்றிலிருக்கிற நைட்ரஜனை எடுத்து அம்மோனியாவாக்கும், ஆனால் அது லேசான காரியம் இல்லை, தின்றதில் பாதி அதற்கே போய்விடும். அதனால் வெளியே அம்மோனியா கிடைத்துவிட்டால், உரம் போட்டுவிட்டால், அந்த வேலைக்கான மரபணுக்களை மூடிவிடும். மூடு என்று சொல்வது யார்? அதற்கென்று ஒரு புரதம் இருக்கிறது. உள்ளே சத்துக் குறைந்தால் அந்தப் புரதத்தின் மேல் சின்னதாக ஓர் ஒட்டு வந்து ஒட்டிக்கொள்ளும், ஒட்டு இருக்கிறவரை வேலை நடக்கும். சத்து நிறைந்துவிட்டால் ஒட்டைப் பிய்த்துவிடும். வேலை நிற்கும். இதை அவருக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. பத்தாம் வகுப்பு அவர். எடைக்குப் போட வைத்திருந்த ஆராய்ச்சி இதழ்களை வீட்டுக்குக் கொண்டுபோய், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் என்று படித்தார். ஒட்டுவதும் பிய்ப்பதும் புரிந்த அன்று தூக்கம் வரவில்லை, மனைவி தையல்நாயகியை எழுப்பிச் சொன்னார். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டாள். "வயிறு ரொம்புனா அடுப்பை அணைக்கிறது. இதுக்கா ஒரு வாரம் படிச்சீங்க?" அந்த நஞ்சு வயிறு நிறைந்துவிட்டது என்று பொய் சொல்லும். ஏமாந்த பாக்டீரியா அடுப்பை அணைத்துவிட்டுப் பட்டினி கிடந்து சாகும். பொய்யைக் காதில் வாங்காதது மட்டும் பிழைக்கும். நூற்றுக்கணக்கான தட்டுகளில் ஒன்றும் முளைக்கவில்லை, கழிவில் போடச் சொல்லிக் கூடையில் வைத்திருந்தார்கள், கிருமிகளை நீராவியில் வேகவைத்துக் கொல்லும் ஆட்டோகிளேவில் அவர் அடுக்கும்போது பதினேழாவது தட்டின் ஓரத்தில் ஊசி முனை அளவுக்குச் சிவப்பாக ஒரு புள்ளி. வேறு யாராக இருந்தாலும் மூடியிருப்பார்கள். மேடம்கூட, "தூசி விழுந்திருக்கும், விடுங்க," என்றார். அவர் விடவில்லை. சாப்பாட்டு வேளைகளில் தானாகவே வளர்த்து, அம்மோனியாவை அள்ளிப் போட்டு, வாயு ஏற்றி, கருவியில் விட்டார். நைட்ரஜனை எடுக்கிற வேலை நடந்தால் அந்த அசிட்டிலீன் எத்திலீனாக மாறும். எத்திலீனுக்கு உரிய இடத்தில் பேனா எழுந்தது. சாப்பாட்டைக் கண் முன்னே குவித்தும் வேலையை நிறுத்தாத ஒன்று. மேடம் அந்தக் காகிதச் சுருளை இரண்டு தடவை பிரித்துப் பார்த்தார், அப்புறம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், அறையில் நாலு பேர் பார்க்க. "இதுக்கு நீங்கதான் பேர் வைக்கணும், வைரக்கண்ணு."

தை-17 என்று வைத்தார். வீட்டில் சொன்னபோது அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஏங்க, சோறு போட்டதும் வேலையை நிறுத்துனா அது புத்தியுள்ள சீவன். நிறுத்தாம செய்யறது கிறுக்கு. அதுக்குப் போய் எம்பேரா? உங்க பேரை வச்சிருந்தா பொருத்தமா இருந்திருக்கும்." மேடத்தின் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தபோது அதில் தை இல்லை, நிலையத்தின் எழுத்துகளும் எண்ணும்தான் இருந்தன, கடைசி வரியில் ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி என்று இருந்தது. அது அவரை உறுத்தவில்லை. சத்தியமாக உறுத்தவில்லை. ஊரில் எல்லாக் கட்டுரையும் அப்படித்தான் வரும், சமைத்தவன் பெயரை யார் இலையில் எழுதுகிறார்கள். குழாயில் அவர் கையெழுத்தில் தை-17 இருந்தது, போதும். உறுத்த வேண்டியது அது இல்லை. பின்னே எது? பஞ்சு கையில் பிசுபிசுத்தது, வியர்வை, உருட்டியதைப் பிரித்து மறுபடி உருட்டினார். மேடம் கிளம்புகிற வாரம். அதில் ஒரு நாள் வைரக்கண்ணுவுக்கு இருமல். நஞ்சை அளந்து ஊற்றும்போது நெடி நெஞ்சைப் பிடிக்கும், கண் எரியும். மேடம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "வைரக்கண்ணு, இதை நீங்க தனியா கையாள வேண்டாம். உடம்பு கெட்டுடும். இனி சாதாரண மீடியத்துலயே மாத்தி வையுங்க, அதுக்கு ஒண்ணும் ஆகாது." "நஞ்சு இல்லாமயா மேடம்?" "ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல." மீதியிருந்த நஞ்சுப் புட்டியைத் தன் கையாலேயே பூட்டுப் போட்ட அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் சொன்னார், தையல்நாயகி வெந்நீரில் மிளகைத் தட்டிப் போட்டுக்கொண்டே சொன்னாள், "நல்ல மனுசி. உங்களைப் பத்தி அக்கறைப்பட எனக்கு அப்புறம் ஒருத்தி இருக்கா." அக்கறை என்றுதான் பத்தொன்பது வருடமும் அதை வைத்திருந்தார், மனசில் ஒரு மூலையில், எடுத்துப் பார்த்துக்கொள்ள. இப்போது அதையே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், அடியில் வேறு ஏதோ எழுதியிருக்கிறதா என்று.

ஏனென்றால் நஞ்சு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும். படித்திருக்கிறார். நிறுத்தாமல் வேலை செய்கிற ஒன்று எப்போதும் மெலிந்தே இருக்கும், அதன் கோடிக்கணக்கான பிள்ளைகளில் என்றைக்காவது ஒன்று பழைய புத்திக்குத் திரும்பும், சொகுசான ஊடகத்தில் திரும்பியது கொழுத்து வேகமாகப் பெருகும், மெலிந்தவை காணாமல் போகும். நஞ்சு இருந்தால் திரும்பியது செத்துவிடும், காவல் அதுதான். வேறு ஊர் ஆராய்ச்சிக் கூடங்களில் இப்படிக் கல்ச்சர் கெட்டுப்போனதைப் படித்து, அடக் கவனமில்லாத பயல்களா என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். தன் குழாயைப் பற்றி அந்த எண்ணம் ஒரு தடவையும் வரவில்லை. மேடம் சொல்லியிருக்கிறாரே. பத்தாம் வகுப்புப் படித்தவனுக்குத் தெரிந்தது, வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்த மேடத்துக்குத் தெரியாதா? தெரியும் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. தெரிந்துதான் சொன்னாரா? மறந்து சொல்லியிருக்கலாம். கிளம்புகிற அவசரம், ஆயிரம் வேலை, உண்மையிலேயே இருமலைப் பார்த்துப் பதறியிருக்கலாம். அவர் மேடத்துக்காக வாதாடினார், தானே எதிர்க்கட்சியாகவும் எழுந்து நின்றார். அப்படியானால் மேடம் தன்னோடு எடுத்துப்போன குப்பிக்கு மட்டும் நஞ்சு போட்டு, உறைய வைத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கச் சொன்னது ஏன்? அடுக்கிக் கொடுத்ததே வைரக்கண்ணுதான். தானே நஞ்சு அளந்து, தானே மூடி, பெட்டியை ஜீப் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். உண்மையான பதினேழு ஒன்றுதான் இருக்க வேண்டும், அது தன்னிடம் இருக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் வேறு எப்படிச் செய்வார்? சீ. என்ன நினைப்பு இது. கைக்கெட்டிய சாட்சியெல்லாம் ஓர் இருமல்தான். மேசையில் இருபத்து மூன்று அடைப்பான் சேர்ந்துவிட்டது. கடிகாரம் இரண்டு நாற்பதைத் தாண்டியது. பேனா எழும்பட்டும், சாமி, அம்மோனியா போட்ட தை-17 இருக்கிற மூன்றாவது குப்பிக்குச் சின்னதாக ஒரு மேடு எழும்பிவிட்டால் போதும், மேடம் சொன்னது நிஜம் என்று ஆகிவிடும், ஒன்றும் ஆகவில்லை என்று ஆகிவிடும், அவர் குழாயைப் பஞ்சில் சுற்றிக் கூரியரில் அனுப்பிவிட்டு நெஞ்சார மன்னிப்புக் கேட்டுக்கொள்வார், நினைத்ததற்காக.

இல்லாவிட்டால் அந்தப் பத்தாம் தேதி. அதன் பக்கம் போகக் கூடாது என்று காலையிலிருந்து சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார், இப்போது கால் நேராக அங்கேயே போய் நின்றது. பதினோரு வருடம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் ஜன்னல் ஓரக் கட்டில், தையல்நாயகிக்கு நாலு நாளாகச் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை, கால் வீங்கியிருந்தது, ஆனால் காலையில் அரை இட்லி சாப்பிட்டாள், பேசினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். "இன்னைக்குப் பத்தாம் தேதியா?" "நாளைக்குப் பார்த்துக்கலாம். இல்லன்னா யாரையாவது விட்டு." "யாருக்குங்க தெரியும் அந்தப் பக்குவம்? போயிட்டு வாங்க. உங்க இன்னொரு தையலுக்குச் சோறு வச்சிட்டு வாங்க. நான் எங்க ஓடியா போயிறப் போறேன்." சிரித்தாள். சிரித்தாள்தான், அதை அவர் பிறகு கற்பனை செய்துகொள்ளவில்லை. எட்டரைக்குப் பஸ் ஏறினார். கம்பி வளையத்தை நெருப்பில் சிவக்கக் காட்டி, ஆற விட்டு, பழைய குழாயிலிருந்து ஒரு துளி எடுத்து, புதிய குழாயின் சரிவில் வளைந்து வளைந்து கோடு இழுத்தார், அவசரப்படாமல், அவசரப்பட்டால் ஊடகம் கீறிவிடும். குழாயில் பேரெழுதி ஒட்டினார். தை-17, தேதி. நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. திரும்பிப் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். பத்து இருபதுக்குத்தான் என்று நர்ஸ் சொன்னாள், பக்கத்துக் கட்டில்காரி தண்ணீர் கொடுத்தாளாம், இரண்டு மடக்கு குடித்தாளாம், வந்துட்டாரா என்று கேட்டாளாம். அன்றிலிருந்து அவர் ஒன்றைச் சொல்லித்தான் தன்னைத் தூக்கி நிறுத்தி வைத்திருக்கிறார். வீணாகப் போகவில்லை. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்றை அந்த நேரத்தில் காப்பாற்றிக்கொண்டிருந்தோம், அவள் பேர் கொண்ட ஒன்றை, அவளே அனுப்பிய வேலை. இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் பதினோரு வருடச் சாப்பாடும் தூக்கமும். அப்படியென்றால் அன்றைக்குக் கம்பியில் எடுத்தது எது? அன்றைக்கே அது திரும்பியிருந்ததா? முந்தின வருடமே திரும்பியிருந்ததா? வயலில் எந்த நெல் வேரைப் பிடுங்கினாலும் கிடைக்கிற சாதாரணச் சரக்கையா அத்தனை பொறுமையாகக் கோடு இழுத்தார், அவள் வந்துட்டாரா என்று கேட்டபோது? கையிலிருந்த பஞ்சு இரண்டாகக் கிழிந்தது. அதற்குள், "அண்ணே, மணி மூணு," என்றாள் ஃபரீதா.

ஊசியால் முதல் குப்பியின் ரப்பரைக் குத்தி வாயுவை எடுத்தார், கருவியின் வாயில் செலுத்தினார். காகிதம் நகர்ந்தது, பேனா ஊர்ந்தது. எத்திலீன் முதலில் வரும், சின்ன மேடு. பின்னால் அசிட்டிலீன், பெரிய மலை. முதல் குப்பியில் தை-17, அம்மோனியா போடாதது. மேடு வந்தது, மலை வந்தது. வேலை அதற்கு மறந்துவிடவில்லை. இரண்டாவது, நிலையத்தின் சாதாரண ரகம், அம்மோனியா போட்டது. மேடு இல்லை, மலை மட்டும், அது எதிர்பார்த்ததுதான். மூன்றாவது, தை-17, அம்மோனியா போட்டது. ஃபரீதா பக்கத்தில் வந்து நின்றாள், அவளுக்கு விஷயம் தெரியாது, சும்மாதான் நின்றாள். பேனா மேடு வர வேண்டிய இடத்துக்கு வந்தது, அந்த இடத்தைச் சாலையில் போகிற பழக்கமில்லாத ஆள் மாதிரிக் கடந்து போனது. பிறகு மலை. இன்னொரு தடவை ஊசி போட்டார். இன்னொரு தடவை கடந்து போனது. "சரியா வந்திருக்காண்ணே?" "சரியாத்தான் தாயி வந்திருக்கு." "மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?" "கார்பைடு நெடி." அவள் தன் சாம்பிளை எடுக்கப் போனாள். அவர் காகிதத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீடியா ரூமுக்குத் திரும்பினார். பாக்டீரியாவின் மேல் கோபம் வரவில்லை. அது என்ன செய்யும், சோறு போட்டார், தின்றது, அடுப்பை அணைத்தது. தையல்நாயகி சொன்ன மாதிரிப் புத்தியுள்ள சீவன்.

மூன்றரைக்கு ஃபோன் அடித்தது, ஒரு நிமிடம் முன்பின் இல்லாமல். இந்தத் தடவை அவர் எழுந்து நிற்கவில்லை. "டெஸ்ட் பண்ணீங்களா, வைரக்கண்ணு?" "பண்ணினேன் மேடம்." என்னென்னவோ கேட்க வேண்டும் என்று மூன்றிலிருந்து மூன்றரை வரை வாய்க்குள்ளேயே அடுக்கி வைத்திருந்தார், இருமல், ஐஸ் பெட்டி, ஜீப். எல்லாம் கலைந்து ஒன்றுதான் வந்தது. "நீங்க சொன்ன மீடியத்துலயே வச்சிருந்தேன் மேடம்." அந்தப் பக்கம் பேச்சு நின்றது. நேற்று நின்ற அதே இடம், அதே நீளம். ஏன், என்ன ஆச்சு, ரிசல்ட் என்ன என்று கேட்பார் என்று காத்திருந்தார். கேட்டிருந்தால் போதும், இப்போதும்கூட நம்பிவிடுவார். "பத்தொன்பது வருஷமுமா?" என்றது குரல், ரகசியம் பேசுகிற மாதிரித் தணிந்து. "ஆமாங்க மேடம். பத்தாம் தேதி தவறாம." "நீங்க ரெண்டு மூணு மாசத்துல விட்டுடுவீங்கன்னு நினைச்சேன், வைரக்கண்ணு." அவர் சட்டைப் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும்னுகூட நினைச்சேன். அவ்வளவு படிக்கிறவராச்சே, புரிஞ்சுக்கிட்டு விட்டுடுவீங்கன்னு..." குரல் இன்னும் ஏதோ தேடியது. "வீட்டில எல்லாரும் சௌக்கியமா?" "சௌக்கியங்க மேடம்," என்றார் அவர், ரிசீவரைப் பதமாக வைத்தார், கீறிவிடாமல்.

இன்று பத்தாம் தேதி. காலையிலேயே புதுக் குழாயில் ஊடகம் ஊற்றிச் சரித்து வைத்திருந்தார், உறைந்து பளபளவென்று இருந்தது. பர்னரைப் பற்ற வைத்தார். கம்பியைக் கையில் எடுத்தார், நெருப்பில் காட்டினார், வளையம் சிவந்தது, ஆறியது. மறுபடி காட்டினார், மறுபடி ஆறியது. வந்துட்டாரா என்று கேட்டாளாம். கம்பியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு பர்னரை அணைத்தார். பழைய குழாயை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார், வழவழவென்று கொழுத்திருந்தது, நோய் நொடி இல்லாமல். கழுத்தில் ஒட்டியிருந்த சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். வராது போலிருந்தது, விரலைத் தண்ணீரில் தொட்டு நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, எழுத்துக் கிழியாமல், பிய்த்து எடுத்தார். தை-17. அதை உள்ளங்கையில் ஒட்ட வைத்துக்கொண்டு, பேரில்லாத குழாயைக் கழிவுக் கூடையில் மற்றக் குழாய்களோடு நிறுத்தி, கூடையை ஆட்டோகிளேவுக்குள் இறக்கி, மூடியைப் போட்டு, எதிரெதிர்த் திருகுகளாக ஒவ்வொன்றாய் முறுக்கினார். வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. ஃபரீதா வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணே, இன்னைக்கு இவ்வளவு சீக்கிரம்? பத்தாம் தேதியாச்சே?" "முடிஞ்சிருச்சு தாயி," என்றார் அவர், வலது கையை மூடியபடியே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.